சார்ட்டர் பள்ளியா, டிஸ்ட்ரிக்ட் பள்ளியா? டெக்சாஸில் ஆசிரியர் வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆஃபர் லெட்டர்களை விரித்து வைத்துவிட்டு, "அக்கா, எதுல கையெழுத்துப் போடட்டும்?" என்று கேட்டார் ஒரு தோழி. கோவையில் ஆறு வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவர். கணவரின் வேலையால் ஹூஸ்டன் பக்கம் வந்து நான்கு வருடமாகிறது. எச்-4 இ.ஏ.டி. (துணை விசாவில் இருப்பவருக்கான வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது. நான்கு வயதில் ஒரு மகள். வீட்டில் இருந்தது போதும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

ஒரு கடிதம் ஐ.எஸ்.டி. (உள்ளூர் வாரியம் நடத்தும் வழக்கமான அரசுப் பள்ளி மாவட்டம், சுருக்கமாக டிஸ்ட்ரிக்ட்) உயர்நிலைப் பள்ளியிலிருந்து, 62,000 டாலர். இன்னொன்று சார்ட்டர் பள்ளியிலிருந்து, 64,500 டாலர். "சார்ட்டர்லதான் சம்பளம் கூட, வீட்டுக்கும் பக்கம். அப்புறம் என்ன யோசனை?" என்றார் அவருடைய கணவர், காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே.

யோசிக்க நிறைய இருந்தது. நான் இங்கே கணக்கு டீச்சராகி ஒரு மாமாங்கம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் சார்ட்டரில் இருந்தேன். மீதி வருடங்கள் டிஸ்ட்ரிக்ட்டில். இரண்டு பக்கமும் உப்பைத் தின்றவள் என்பதால், அந்த மேசையில் மூன்று மணி நேரம் பேசினோம். அதில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பான ஒப்பீட்டை ஓரம் கட்டிவிடலாம். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் சார்ட்டர் பள்ளி என்றதும் "ஓ, நம்ம எய்டட் ஸ்கூல் மாதிரி" என்று புரிந்துகொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரசு பணம், தனியார் நிர்வாகம், பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. வெளித்தோற்றத்தில் சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் உதவி பெறும் பள்ளியில் உங்கள் பணியிடம் கல்வித்துறை ஒப்புதல் கொடுத்த இடம். நிர்வாகம் உங்களை நீக்க வேண்டுமென்றால் துறையின் முன் அனுமதி வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் 'உபரி' என்று சொல்லி வேறு பள்ளிக்குப் பணிநிரவல் செய்வார்கள். அலைச்சல்தான், ஆனாலும் சம்பளம் வந்துகொண்டிருக்கும். சார்ட்டரில் பணிநிரவல் என்ற பேச்சே கிடையாது. உபரி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சார்ட்டர் பள்ளி என்ற யோசனைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஒரு ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது வேடிக்கை. 1988-ல் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்தபோது, ஆசிரியர்களே சேர்ந்து புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகள் வேண்டும் என்று பேசினார். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. சில வருடங்களுக்குள் ஷாங்கரே இந்தப் போக்கை எதிர்க்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியர் கையில் இருக்க வேண்டியது நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது என்ற வருத்தம் அவருக்கு. டெக்சாஸ் 1995-ல் சட்டம் போட்டது. இன்றைக்கு ஹூஸ்டனில் பிறந்த கிப், யெஸ் பிரெப், ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் தொடங்கிய ஐடியா என்று பெரிய பெரிய வலைப்பின்னல்கள். பழைய மளிகைக் கடைக் கட்டிடத்தில் நடக்கிற ஒற்றைப் பள்ளியும் சார்ட்டர்தான். 'சார்ட்டர் நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

சரி, கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

டெக்சாஸில் சார்ட்டர் ஆசிரியருக்குச் சட்டம் கேட்பது ஒரு இளங்கலைப் பட்டம். சிறப்புக் கல்வி, இருமொழி வகுப்பு போன்றவற்றுக்கு மட்டும் மாநிலச் சான்றிதழ் கட்டாயம். நம் ஊர் பி.எஸ்சி., பி.எட்.டை மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்து அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று தாள் வாங்கிவிட்டால், சார்ட்டர் பள்ளியில் நேர்காணலுக்கு உட்காரலாம். நான் சேர்ந்தது அப்படித்தான். கையில் டெக்சாஸ் சான்றிதழ் இல்லை, இந்த ஊர் வகுப்பறையை ஒரு நாள்கூட உள்ளே நின்று பார்த்ததில்லை. ஒரு டிஸ்ட்ரிக்ட்கூட என் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சார்ட்டரில் ஒரு பிரின்சிபல், "ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்கள்" என்றார். பின்னங்களின் வகுத்தலை முப்பது நிமிடம் எடுத்தேன். அடுத்த வாரம் வேலை.

அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. சார்ட்டரின் முதல் பெரிய நன்மை இதுதான், வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே விடுகிறது. ஆனால் உள்ளே போனவர் சான்றிதழை மறந்துவிடக் கூடாது. என் கூடச் சேர்ந்த இரண்டு பேர், "இங்கேதான் கேட்கவில்லையே" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து வேறு பள்ளி தேடியபோது முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. மாற்றுவழிச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றில் சேர்ந்து, டெக்செஸ் என்ற மாநில ஆசிரியர் தேர்வில் பாடத் தாளை எழுதி, இன்டர்ன் என்ற தற்காலிகச் சான்றிதழோடு சார்ட்டரிலேயே அந்த ஒரு வருடப் பயிற்சியையும் முடிக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டே முடிக்கலாம். அந்த வாய்ப்பை விடுவது முட்டாள்தனம் என்றுதான் சொல்வேன். தோழி அந்தத் தேர்வை ஏற்கெனவே எழுதித் தேறியிருந்தார். அதனால்தான் அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. சான்றிதழுக்கு வழியே இல்லாதவருக்கு ஒரு கடிதம்தான் வந்திருக்கும், யோசனைக்கும் வேலை இருந்திருக்காது.

இனி அந்த 2,500 டாலர் கதை.

சம்பளத்தைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஆண்டுத் தொகையைத்தான் பார்க்கிறோம். நான் கால்குலேட்டரை எடுத்தேன். டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 187 நாள். பத்து மாத ஆசிரியர் ஒப்பந்தத்துக்கு டெக்சாஸ் சட்டத்தில் இருக்கும் எண்ணிக்கையே அதுதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 1,496 மணி நேரம். மணிக்கு 41 டாலருக்கு மேல் வருகிறது. சார்ட்டர் கடிதத்தோடு வந்த காலண்டரில் 197 நாள். காலை 7 மணியிலிருந்து மாலை 4.30 வரை, ஒன்பதரை மணி நேரம். மொத்தம் 1,871 மணி நேரத்துக்கு மேல். மணிக்குச் சுமார் 34 டாலர். கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

எல்லா சார்ட்டரும் இப்படி என்று சொல்லவில்லை. சிலவற்றில் டிஸ்ட்ரிக்ட்டைப் போலவே நேரம். ஆனால் நீளமான பள்ளி நாள், சனிக்கிழமை டியூட்டரிங், கோடையில் இரண்டு வாரம் முன்னதாகவே பயிற்சி என்பவை பல சார்ட்டர் வலைப்பின்னல்களின் அடிப்படை வழிமுறையே. கிப் 1994-ல் ஹூஸ்டனில் தொடங்கியபோதே நீண்ட நேரம்தான் அதன் அடையாளம். பிள்ளைகளுக்கு அது நல்லதாக இருக்கலாம். அந்த நேரம் யாருடைய வாழ்க்கையிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

அப்புறம் கார் லைன். இதை எந்த நேர்காணலிலும் சொல்ல மாட்டார்கள். பல சார்ட்டர்களில் மஞ்சள் பஸ் கிடையாது, இருந்தாலும் கொஞ்சம்தான். அதனால் நூற்றுக்கணக்கான பெற்றோர் காரோடு வரிசையில் நிற்பார்கள். அவர்களை ஒழுங்குபடுத்துவது ஆசிரியர்கள். ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாதம், மாலை நாலு மணி வெயிலில், ஒரு கையில் வாக்கி-டாக்கி, மறு கையில் ஆரஞ்சுக் கூம்பு. நாற்பது நிமிடம். நெய்வேலியில் வளர்ந்த எனக்கே முதல் வாரம் தலை சுற்றியது. டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் டியூட்டி உண்டு, ஆனால் பஸ்கள் பாதிக் கூட்டத்தை எடுத்துப் போய்விடும்.

நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சட்டம். டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 21-ஆம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் ஆசிரியருக்கு இரண்டு வாரத்துக்கு 450 நிமிடம் பாடத் தயாரிப்பு நேரம், அதுவும் ஒவ்வொரு தடவையும் 45 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. டியூட்டி இல்லாத அரை மணி நேர மதிய உணவும் அதில்தான். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்பது இன்னொரு பிரிவு. சார்ட்டருக்கு இவை எதுவும் பொருந்தாது. பள்ளி தன் விருப்பத்தில் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் நீங்கள் கேட்க ஓர் இடம் இல்லை. என் முதல் வருடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் என் தயாரிப்பு நேரத்தில் விடுப்பு எடுத்த ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டீம் ஸ்பிரிட்" என்றார்கள்.

இங்கே ஒரு நேர்மையான திருத்தம் சொல்லியாக வேண்டும். 2015-லிருந்து டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட்களும் 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னோவேஷன்' என்று தங்களை அறிவித்துக்கொண்டு, இந்த விதிகளில் பலவற்றிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் ஏதோ ஒரு விலக்கு வாங்கியிருக்கின்றன. அந்தத் திட்டத்தை அவரவர் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அதைத் திறந்து பாருங்கள். டிஸ்ட்ரிக்ட் என்ற பெயரை மட்டும் நம்பிப் போய், அங்கேயும் சார்ட்டர் வாழ்க்கையே கிடைத்தால் யாரைக் குறை சொல்வது?

இதற்கு உச்சகட்ட உதாரணம் ஹூஸ்டன் ஐ.எஸ்.டி.யே. 2023 ஜூனில் மாநில அரசு அதைக் கையில் எடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் போய், நியமிக்கப்பட்ட வாரியம் வந்தது. சூப்பரின்டென்டென்டாக வந்த மைக் மைல்ஸ், அதற்கு முன் தேர்ட் ஃபியூச்சர் என்ற சார்ட்டர் வலைப்பின்னலைத் தொடங்கியவர். அவர் கொண்டுவந்த என்.இ.எஸ். ('புதிய கல்வி முறை') பள்ளிகளில் பாடம் மைய அலுவலகத்திலிருந்து வரும். நிமிடக் கணக்கு ஓடும். வகுப்பின் நடுவில் குட்டித் தேர்வு இருக்கும். பல பள்ளிகளில் நூலகத்தை 'டீம் சென்டர்' ஆக்கினார்கள், வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளைகளையும் அனுப்பி வைக்கும் அறை அது. சம்பளம் மற்றப் பள்ளிகளைவிடக் கூட. அந்தப் பள்ளிகளை விட்டுப் போனவர்களும் உண்டு, சம்பளத்துக்காகவே தேடிப் போனவர்களும் உண்டு. வாசலில் டிஸ்ட்ரிக்ட் பலகைதான், வகுப்பறைக்குள் நடப்பது கெடுபிடியான சார்ட்டர் முறை. எல்லைக்கோடு நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

பாடம் எடுக்கும் சுதந்திரம் பற்றி விளம்பரங்களில் நிறையப் படித்திருப்பீர்கள். சட்டம் சார்ட்டருக்குக் கொடுத்த சுதந்திரம் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஆசிரியருக்கு எவ்வளவு வழிகிறது என்பது பிரின்சிபலைப் பொறுத்தது. எனக்கு முதல் பிரின்சிபல் அருமையாக அமைந்தார். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா ஆரம்பிக்கலாமா என்று ஒரு புதன்கிழமை மாலை கேட்டேன். வெள்ளிக்கிழமை புத்தகம் ஆர்டர் போட்டார். இரண்டாவது வருடமே கணக்குத் துறைக்குத் தலைமை என்னிடம் வந்தது. டிஸ்ட்ரிக்ட்டில் அப்படி ஒரு மாற்றத்துக்குக் குழு, அந்தக் குழுவுக்கு ஒரு குழு, அப்புறம் அடுத்த கல்வியாண்டு. துறைத் தலைமைக்கு நான் இன்றைக்கும் வரிசையில்தான் நிற்கிறேன். வேகமாக வளர வேண்டும், நாற்பது வயதுக்குள் உதவிப் பிரின்சிபலாக வேண்டும் என்று நினைப்பவருக்குச் சார்ட்டர் உண்மையிலேயே குறுக்குவழி. ஆட்கள் அடிக்கடி போவதால் மேலே இடம் காலியாகிக்கொண்டே இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அது மகிழ்ச்சியான காரணம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வருடம் அந்தப் பிரின்சிபல் வேறு ஊருக்குப் போனார். புதிதாக வந்தவர் ஒவ்வொரு ஞாயிறு இரவும் அடுத்த வாரத்துக்கான லெசன் பிளானை வரிக்கு வரி கேட்டார். வகுப்பில் நான் சொல்ல வேண்டிய கேள்விகளையும், பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே கட்டிடம், அதே பெயர்ப்பலகை, ஆனால் முற்றிலும் வேறு வேலை.

வேலை நிரந்தரம் பற்றி என் அனுபவத்தில் ஒன்று. டெக்சாஸில் பள்ளிக்குப் பணம் பிள்ளைகளின் சராசரி வருகையைப் பொறுத்து வருகிறது. டிஸ்ட்ரிக்ட்டுக்கும் அப்படித்தான், ஆனால் அது பெரிய கப்பல், நூறு பேர் இறங்கினாலும் தள்ளாடாது. ஒற்றைச் சார்ட்டர் பரிசல் மாதிரி. அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை மாநிலம் தலைகளை எண்ணும் நாள். என் நான்காவது வருடம் அந்த நாள் நெருங்கும்போது எதிர்பார்த்ததைவிட அறுபது பிள்ளைகள் குறைவு. இரண்டு ஏழாம் வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். எனக்கு அடுத்த அறையில் அறிவியல் எடுத்த பெண், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போய், ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். நன்றாகப் பாடம் எடுப்பவர். ஒப்பந்தத்தில் 'அட்-வில்' என்று இருந்தது, யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவரும் யாரிடமும் முறையிட முடியாது. திங்கட்கிழமை அவருடைய பிள்ளைகள் என் அறையில் நின்றார்கள்.

டிஸ்ட்ரிக்ட்டில் 21-ஆம் அத்தியாய ஒப்பந்தம் இருந்தால் வருடத்தின் நடுவில் அப்படி அனுப்ப முடியாது. தகுந்த காரணம் காட்ட வேண்டும், விசாரணை கேட்கும் உரிமை உண்டு. முதல் சில வருடம் 'புரொபேஷனரி' ஒப்பந்தம், வருட முடிவில் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு 'டெர்ம்' ஒப்பந்தம், அதைப் புதுப்பிக்க மறுப்பதற்கும் நடைமுறை இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் பக்கம் சாய்ந்தவள் ஆகிவிடுவேன். டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் உங்களையும் கட்டிப்போடும். பள்ளி திறக்க 45 நாளுக்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விட்டுப் போனால், டிஸ்ட்ரிக்ட் புகார் கொடுக்கலாம், மிகத் தாமதமாகப் போனால் மாநில வாரியம் சான்றிதழையே முடக்கலாம். சார்ட்டரில் பொதுவாக அந்தப் பயம் இல்லை. ஐ.டி. வேலையில் கணவரோ மனைவியோ இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமா? திடீரென்று சியாட்டிலுக்கு மாற்றல் என்பார்கள். தோழியின் கணவருக்கு இதுதான் உள்ளூரக் கவலை. நல்லவேளையாக விதியிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது: கூட வாழும் துணையின் வேலை மாறி வேறு ஊருக்குக் குடிபோவது 'நியாயமான காரணம்' என்று ஏற்கப்படும். கடுமையான உடல்நலக் குறைவும் அப்படியே. இதைச் சொன்ன பிறகுதான் அவர் டிஸ்ட்ரிக்ட் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார்.

ஓய்வூதியத்தில் டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு நிம்மதி. டி.ஆர்.எஸ். என்ற மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் இரண்டு பக்கமும் பொது. சார்ட்டரில் வேலை பார்த்த வருடங்களும் அதில் கணக்காகும். சம்பளத்தில் 8.25 சதவீதம் பிடிப்பார்கள். ஐந்து வருடம் ஆனதும் ஓய்வூதிய உரிமை உறுதியாகும். வருடத்துக்கு 2.3 சதவீதம் என்ற கணக்கில், இருபது வருடம் என்றால் உச்சச் சம்பளமாக இருந்த ஐந்து வருடங்களின் சராசரியில் 46 சதவீதம். நான் சார்ட்டரிலிருந்து மாறியபோது ஒரு பைசா குறையவில்லை. எல்லா மாநிலத்திலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் மாநில ஆசிரியர் ஓய்வூதியத்தில் சேருவதா வேண்டாமா என்பது அந்தந்த சார்ட்டரின் விருப்பம். நியூயார்க்கிலும் கட்டாயம் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சான்றிதழ் விஷயத்திலும் கலிஃபோர்னியா 2019-ல் சட்டத்தை இறுக்கிவிட்டது. டெக்சாஸ் மாதிரிப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது.

சங்கம் பற்றிக் கேட்டார் தோழி. டெக்சாஸில் அது பெரிய வித்தியாசம் இல்லை. அரசு ஊழியர் கூட்டுப் பேரம் பேசவும், வேலைநிறுத்தம் செய்யவும் இங்கே சட்டம் விடுவதில்லை. சங்கத்தில் சேர்வது வழக்கு வந்தால் வக்கீலுக்காக. இல்லினாய் போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே டிஸ்ட்ரிக்ட்டில் பலமான சங்கம், சார்ட்டர்களில் பெரும்பாலும் இல்லை. ஆனால் 2018 டிசம்பரில் சிகாகோவின் அசெரோ சார்ட்டர் ஆசிரியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் சார்ட்டர் ஆசிரியர்களின் முதல் வேலைநிறுத்தம் அது. நாலு நாளில் வகுப்பு அளவைக் குறைக்கவும், டிஸ்ட்ரிக்ட் சம்பளத்துக்கு இணையாக்கவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

போனஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. டெக்சாஸ் 2019-ல் கொண்டுவந்த ஆசிரியர் ஊக்கத்தொகைத் திட்டத்தில், 'மாஸ்டர்' என்று தகுதி பெற்றவருக்காக மாநிலம் 12,000 முதல் 36,000 டாலர் வரை அனுப்பும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்குத் தொகை கூடும். டிஸ்ட்ரிக்ட்டும் சார்ட்டரும் இரண்டுமே சேரலாம், எல்லாம் சேரவில்லை. நேர்காணலில் சேர்ந்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். 'சைன்-ஆன் போனஸ்' என்று கடிதத்தில் இருந்தால், வருடத்தின் நடுவில் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று சிறிய எழுத்தைப் படியுங்கள். அட்-வில் என்று சொல்லிவிட்டு இந்த வழியில் கையைக் கட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன.

பிள்ளைகளின் தேர்ச்சியை வைத்துச் சார்ட்டரை அளக்கும் ஆய்வுகள் நிறைய. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ குழு 2009-ல் பார்த்தபோது கணக்கில் 17 சதவீத சார்ட்டர்கள்தான் உள்ளூர்ப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் மோசம். 2023-ல் அதே குழு, சார்ட்டர் மாணவர்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னே என்றது. பெற்றோருக்கு இது பயன்படும். ஆசிரியராகப் போகிற உங்களுக்கு மாநிலத் தரமதிப்பீடு ஒன்றே முக்கியம், ஏனென்றால் 2013 சட்டப்படி மூன்று வருடம் தொடர்ந்து தோற்ற சார்ட்டரின் உரிமம் தானாகவே ரத்தாகும். பள்ளியே இல்லாமல் போனால் நல்ல டீச்சர் கெட்ட டீச்சர் என்று யார் பார்ப்பார்கள்?

இவ்வளவும் பேசிவிட்டு நான் தோழியிடம் சொன்னது: டிஸ்ட்ரிக்ட்டில் போடு. தேர்வு எழுதித் தேறியாகிவிட்டது, சட்டம் பக்கத்தில் நிற்கிறது, மணிக்கணக்கில் சம்பளமும் கூட. சார்ட்டர், கதவு திறக்காதவர்களுக்கு. உனக்குத்தான் கதவு திறந்துவிட்டதே.

அவர் இரண்டு பள்ளிகளையும் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரே நாளில் இரண்டுக்கும் போனார். நான் சொல்லியனுப்பிய மூன்றையும் கேட்டார்: பெல் ஷெட்யூல் (பீரியட் நேர அட்டவணை), போன வருடம் எத்தனை ஆசிரியர் போனார்கள், பிரின்சிபல் எத்தனை வருடமாக இருக்கிறார். டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் ஆறு வருடத்தில் நான்காவது பிரின்சிபல். வேதியியல் ஆய்வகத்தில் புகைக்கூண்டு இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை, ரிக்வெஸ்ட் போயிருக்கிறது என்றார்களாம். சார்ட்டரில் பிரின்சிபல் ஒன்பது வருடமாக அதே நாற்காலியில். போன வருடம் போனவர்கள் இரண்டு பேர், ஒருவர் பிரசவத்துக்கு. பெல் ஷெட்யூலை அச்செடுத்தே கையில் கொடுத்திருக்கிறார். தயாரிப்பு நேரம் தினமும் ஐம்பது நிமிடம். ஆசிரியர் குழந்தைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு, மகள் அம்மாவோடேயே காரில் போய் வரலாம். மணிக்கு ஏழு டாலர் குறைவு என்பது அவருக்கும் தெரியும். "அக்கா, டேகேருக்குக் கட்டுறதைக் கழிச்சுப் பாருங்க" என்றார். கழித்துப் பார்த்தேன். என் கணக்கில் அந்த வரி இல்லவே இல்லை.

சார்ட்டரில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் ஸ்டாண்டர்டு என்ற முழுச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சிக்குப் போகும்போது, அகல விளிம்பு வைத்த ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தொப்பி, ஆரஞ்சுக் கூம்பு, முகமெல்லாம் வியர்வை, பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை கார்கள்.